எழுந்து நின்றால் வரும் சாமி

ஐம்பத்தாறு வயது வரை தனபாலனுக்கு எதுவும் வந்ததில்லை. பதவி உயர்வு வந்ததில்லை. கோயில் கமிட்டியில் இடம் வந்ததில்லை. கல்யாணப் பத்திரிகைகளில்கூட அவர் பெயர் 'மற்றும் உறவினர்கள்' என்ற வரிக்குள்ளேயே அடங்கிப்போனது. சிம்பாங் அம்பாட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில், பழக்குலை ஏற்றி வரும் லோரிகளை எடை போட்டுக் கணக்கெழுதும் கிராணி அவர். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். இடையில் இனிப்புப் பால் டின்னில் பாதியைக் கரைத்த தேத்தண்ணீர் மட்டும் வந்துகொண்டே இருக்கும். இனிப்பு நீர் என்று அங்கே சொல்லும் சர்க்கரை நோய் வந்து பல வருடமாகிவிட்டது. ஆனால் அதை யாரும் வந்ததாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த வட்டாரத்தில் அது இல்லாதவரைத்தான் விசாரிப்பார்கள்.

அப்படிப்பட்ட தனபாலனுக்கு ஒரு வெள்ளிக்கிழமை சாமி வந்தது.

தோட்டத்து மாரியம்மன் கோயில் அது. தொழிலாளர் லயங்களில் இப்போது வங்காளதேசத்துப் பையன்கள்தான் இருக்கிறார்கள். தமிழர்கள் புக்கிட் காத்தில், அலோர் காஜா என்ற ஊர்களின் தாமான் குடியிருப்புகளுக்கு வீடு மாறிப் போய்விட்டார்கள். அம்மன் மட்டும் இடம் மாற மறுத்துவிட்டதால், பக்தர்கள் கார் எடுத்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அன்றைக்கு அபிஷேகம் நீண்டுகொண்டே போனது. தனபாலன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தீபாராதனைக்கு மணி அடித்ததும் எல்லோரும் எழுந்தார்கள். அவரும் எழுந்தார். எழுந்தவர் அப்படியே ஆடினார். கண் மேலே சொருகியது. கை எதையோ தேடிக் காற்றில் அலைந்தது.

"சாமி வந்துருச்சு!" என்று ஒரு குரல் கேட்டது. அவ்வளவுதான். உருமி முழங்கியது. நான்கு பேர் தாங்கிப் பிடித்தார்கள். ஒருவர் எலுமிச்சம்பழத்தை வாயில் திணித்தார், இன்னொருவர் நெற்றி நிறைய விபூதியை அடித்தார். தாங்கிப் பிடித்துச் சாய்த்து உட்கார வைத்ததும் தனபாலனுக்குத் தெளிந்தது. கண்ணைத் திறந்தால் முன்னால் ஒரு கூட்டம் கை கூப்பி நிற்கிறது. கூட்டத்தின் முன்வரிசையில் ஆலயத் தலைவர் முனியாண்டி. ஒரு வாரத்துக்கு முன்பு, "ஏய் கிராணி, அந்தக் காரைக் கொஞ்சம் தள்ளிப் போடு" என்று விரட்டிய அதே முனியாண்டி.

"தாயி, ஏதாச்சும் குறை இருக்கா?" என்றார் தலைவர், குனிந்து.

தனபாலன் வாயிலிருந்த எலுமிச்சம்பழத்தைத் துப்பினார். "கொஞ்சம் பொறு," என்றார்.

அது அற்புதமான குறியாக அமைந்துவிட்டது. மகளுக்கு வரன் கேட்டவளுக்கும் பொருந்தியது, நில வழக்கில் மாட்டியவருக்கும் பொருந்தியது. கொஞ்சம் பொறுத்தால் எதுதான் நடக்காது?

அதற்குப் பிறகு வெள்ளிதோறும் வந்தது. உட்கார்ந்திருக்கும்வரை வராது, சடாரென்று எழுந்தால் வரும். அதில் ஒரு ஒழுங்கு இருந்ததை யாரும் கவனிக்கவில்லை, ஒருவரைத் தவிர. அவர் வீராசாமி. தோட்டத்தில் டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர். கோயிலுக்கு நெடுங்காலமாக அவர்தான் சாமியாடி. திருவிழாவுக்குக் கொடியேறிய நாளிலிருந்து ஒரு வேளைச் சாப்பாடு, பாயில்லாத தரையில் படுக்கை என்று கடுமையாக இருப்பவர். இத்தனை செய்தும் அவருக்குச் சில வருடம் சாமி வரும், சில வருடம் வராது. தனபாலனுக்கோ மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் தவறாமல் வந்தது. கூட்டம் எந்தப் பக்கம் போகும்?

"அது சாமி இல்ல," என்று வீராசாமி கார் நிறுத்தும் இடத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். "சாமி வந்த மூஞ்சி எனக்குத் தெரியும். அவன் மூஞ்சியில ஒன்னுமே இல்ல. கரண்டு போன வீடு மாதிரி இருக்கு."

"அண்ணனுக்கு வயிறு எரியுது லா," என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

தனபாலனின் வாழ்க்கை மாறியது. சர்க்கரைப் பொங்கலில் முதல் கிண்ணம் அவருக்கு. பஞ்சாமிர்தத்தில் முதல் கரண்டி அவருக்கு. மறுக்கக்கூடாது, அவர் வாங்கிக்கொள்ளவில்லை என்றால் அம்மனே வாங்கிக்கொள்ளவில்லை என்று அர்த்தம். மருந்தைவிடப் பொங்கல் அதிகமாக உள்ளே போயிற்று. சர்க்கரை ஏற ஏற நரம்பு கெட்டது, நரம்பு கெடக் கெட அருள் கூடியது. இப்படி ஒரு சுழலைக் கண்டுபிடித்து ஓட்டிய பெருமை அந்தக் கோயிலையே சேரும். அவர் மனைவி திலகாவுக்கும் பங்கு கிடைத்தது. அன்னதானப் பந்தலில் அவளைக் கண்டால் பெண்கள் நாற்காலி இழுத்துப் போட்டார்கள். 'கிராணி பொஞ்சாதி' போய், 'சாமி வீட்டம்மா' ஆகியிருந்தாள். அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

பிறந்தநாளுக்கு மகள் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம் நாடித்துடிப்பையும் காட்டும். உட்கார்ந்திருந்தால் நூற்றிரண்டு. படியேறினால் நூற்று மூன்று. தூங்கும்போதும் கிட்டத்தட்ட அதேதான். "என் இருதயத்தப் பாருங்க," என்று தனபாலன் ஆலை கேண்டீனில் மணிக்கட்டை நீட்டுவார். "ஏறுறதும் இல்ல, எறங்குறதும் இல்ல. மிஷின் மாதிரி." பார்த்தவர்கள் அவரவர் மணிக்கட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

அந்த மணிக்கட்டை அரசாங்கக் கிளினிக்கின் டாக்டர் அகல்யாவிடமும் அவர் நீட்டினார். ஆண்டுப் பரிசோதனைக்குத் திலகாதான் இழுத்துப் போயிருந்தாள். டாக்டர் இளம் வயதுப் பெண். கடிகாரத்தைப் பார்த்ததும் மற்றவர்களைப் போலப் பெருமூச்சு விடவில்லை. அவரைக் கட்டிலில் படுக்க வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து ரத்த அழுத்தம் பார்த்தார்.

"இப்ப எந்திரிச்சு நில்லுங்க ஐயா."

தனபாலன் எழுந்து நின்றார். கிளினிக் ஆடியது. அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்கள் பாதி சொருகிய நிலையில், பெருமிதமாகச் சொன்னார்:

"பாத்தீங்களா டாக்டர், இங்கயே வந்துருச்சு!"

"என்ன வந்துச்சு?"

"சாமி."

டாக்டர் அகல்யா இயந்திரத்தைத் திருப்பிக் காட்டினார். "படுத்திருக்கும்போது மேல் அழுத்தம் நூத்தி நாப்பத்தெட்டு. நின்னதும் நூத்திப் பத்து. சாமி வரல ஐயா, பிரஷர் போயிருச்சு."

பிறகு நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, ஆழமாக மூச்சை இழுத்து விடச் சொன்னார். "மூச்சு உள்ள போறப்ப துடிப்பு கொஞ்சம் கூடணும், வெளிய வர்றப்ப கொறையணும். உங்களுக்குக் கோடு போட்ட மாதிரி ஒரே மாதிரி ஓடுது."

"அதான் சொன்னேனே, மிஷின் மாதிரி!"

"இருதயம் மிஷின் மாதிரி ஓடுனா நல்லதில்ல ஐயா."

அவர் விளக்கியது இதுதான். கால் மரத்துப்போவதற்குக் காரணமான அதே சர்க்கரை, நாம் நினைக்காமலே உடம்பை நடத்தும் நரம்புகளையும் அரித்துவிடும். இருதயத்துக்குப் போகும் நரம்புகளும் அதில் அடக்கம். மனிதன் எழுந்து நிற்கும்போது ரத்தம் காலுக்கு இறங்கும். உடனே நரம்புகள் கட்டளை போட வேண்டும்: குழாய்களே சுருங்குங்கள், இருதயமே வேகம் எடு. தனபாலன் உடம்பில் அந்தக் கட்டளை போய்ச் சேருவதில்லை. மூளைக்கு ரத்தம் போதவில்லை, தலை சுற்றுகிறது, கண் இருட்டுகிறது. மேலிடத்து உத்தரவு கிடைக்காததால் இருதயம் ஓய்விலும் ஓட்டத்திலும் தன் போக்கில் ஒரே வேகத்தில் அடித்துக்கொண்டிருக்கிறது. மேலிருந்து உத்தரவு போகாதது மட்டுமல்ல, கீழிருந்து புகார் வருவதும் நின்றுபோகும்.

"புகார்னா?" என்றாள் திலகா.

"நெஞ்சு வலிம்மா. மாரடைப்பு வந்தாலும் இவருக்கு வலிக்காம போகலாம். அதான் எனக்குப் பயம். காரணமில்லாம வேர்த்துச்சு, மூச்சு வாங்குச்சு, வாந்தி வந்துச்சு, திடீர்னு அசதியாச்சுன்னா வீட்டுல வெச்சுப் பாக்காதீங்க. நேரா எமர்ஜென்சி." பிறகு தனபாலன் பக்கம் திரும்பினார். "பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். இருதயத்த ஸ்கேன் பண்ணணும். அதுவரைக்கும் எந்திரிக்கும்போது மெதுவா எந்திரிங்க. முதல்ல உக்காருங்க, காலத் தொங்கப் போடுங்க, அப்புறம் நில்லுங்க. காலுக்கு இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் தர்றேன், அதப் போட்டா ரத்தம் கீழ தேங்காது. சீனியக் கட்டுப்படுத்துங்க."

"இதெல்லாம் செஞ்சா…" தனபாலன் தயங்கினார். "எழுந்தா தலை சுத்தாதா?"

"பெரும்பாலும் சுத்தாது."

நோயாளி இப்படி முகம் வாடி டாக்டர் அகல்யா பார்த்திருக்கமாட்டார்.

காரில் திலகாதான் முதலில் பேசினாள். "ஸ்டாக்கிங்ஸ நாளைக்கே போட்டுக்குங்க."

"திருவிழா முடியட்டும்."

"என்னாங்க, அந்தப் பொண்ணு என்னா சொல்லுச்சுன்னு காதுல விழுந்துச்சா இல்லியா?"

"விழுந்துச்சுடி. ஊரு பூராவும் நோட்டீஸ் அடிச்சாச்சு. முனியாண்டி மைக்ல சொல்லிக்கிட்டுத் திரியுறாரு, இந்த வருஷம் அருள்வாக்கு தனபாலன் சாமின்னு. இப்பப் போய், அது பிரஷர் எறங்குற வியாதின்னு சொல்லவா? அந்த வீராசாமி மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"ஸ்கேன்?"

"அதுவும் திருவிழாவுக்கு அப்புறம். இந்த ஒரு வருஷம் மட்டும். அதோட விட்டுர்றேன்."

திலகா வாதாடினாள். ஆனால் முழு மூச்சாக வாதாடவில்லை. நாற்காலி இழுத்துப் போடும் பெண்கள் அவள் நினைவிலும் இருந்திருக்கலாம். ஸ்டாக்கிங்ஸ் அலமாரிக்குப் போனது.

திருவிழா அன்று காலையிலிருந்தே தனபாலனுக்கு அசதி. கோயில் படியேறும்போது மூச்சு வாங்கியது. விரதத்தில் இருப்பதால் என்று நினைத்துக்கொண்டார். சொல்லப்போனால் அவர் முழு விரதம் பிடித்தது அந்த வருடம்தான். நோய் என்று தெரிந்த பிறகு வந்த குற்ற உணர்ச்சியில், சாமிக்கு நியாயமாக நடந்துகொள்ள முடிவு செய்திருந்தார். மருந்தையும் சேர்த்து விரதத்தில் தள்ளிவிட்டார்.

சன்னிதி முன்னால் உட்கார்ந்தார். எல்லோரும் அவர் எழுவதற்காகக் காத்திருந்தார்கள். ஆனால் உட்கார்ந்த இடத்திலேயே அவருக்கு வேர்த்துக் கொட்டியது. வேட்டி நனைந்தது. குமட்டல் எடுத்து, பக்கத்துச் சொம்பில் வாந்தி எடுத்தார். மூச்சு திணறி, தோள் ஏறி இறங்கியது. நெஞ்சில் ஒரு துளி வலி இல்லை.

"உக்காந்த வாக்குலயே வந்துருச்சு!" முனியாண்டி மைக்கைப் பிடித்தார். "பக்த கோடிகளே, இந்த வருஷம் ஆத்தா உக்கிரமா எறங்கியிருக்கா! தள்ளுங்க, தள்ளுங்க, வரிசையில வாங்க!"

நாற்காலி வந்தது. மஞ்சள் துணி வந்தது. கழுத்தில் மாலைக்கு மேல் மாலை ஏறியது. குஞ்சம்மா என்ற பெண்மணி வரிசையில் முதலில் நின்றார். அதிகாலையிலேயே வந்து இடம் பிடித்தவர்.

"தாயி, எம்பையனுக்கு மெட்ரிகுலேஷன் காலேஜ்ல எடம் கெடைக்குமா?"

"தண்ணி…" என்றார் தனபாலன்.

"ஆத்தா தண்ணி கேக்குறா!" என்று மைக் அலறியது. ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைத் தலையில் கவிழ்த்தார்கள்.

"மூச்சு… முடியல…"

"இந்தப் பிள்ளைக்கு மூச்சு முட்டுற அளவுக்குப் படிப்பு இருக்கு, முடியலன்னு விட்டுறாதேன்னு சொல்றா!" முனியாண்டிக்கு அன்று மொழிபெயர்ப்பு சரளமாக வந்தது. குஞ்சம்மா கண்ணீர் மல்கக் கும்பிட்டார்.

ஒலிபெருக்கி பந்தல்வரை கட்டியிருந்தது. சாம்பார் வாளியோடு நின்ற திலகாவுக்கு அந்த மூச்சிரைப்பு கேட்டது. வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். கூட்டத்தை முட்டி உள்ளே போனாள். அவர் நெற்றியைத் தொட்டாள். சில்லென்று இருந்தது.

"இவருக்கு உடம்பு சரியில்ல! ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்! விடுங்க!"

"அம்மா, சாமிய இப்பத் தொடக்கூடாது," என்று இரண்டு பெண்கள் அவளை மெல்ல, மரியாதையோடு, பின்னால் இழுத்தார்கள். சாமி வீட்டம்மா என்ற மரியாதை.

"ஐயோ, சாமி இல்லங்க! இது வியாதி! டாக்டர் சொன்னாங்க!"

"பாவம், புருஷன் மேல பாசம்," என்றாள் ஒருத்தி. "ஒவ்வொரு சாமியாடி பொஞ்சாதியும் இப்படித்தான் பதறுவா."

திலகா வெளியே வந்து நின்றாள். கோயில் வாசல் மரத்தடியில், விரதத்தோடும் கோபத்தோடும் வீராசாமி தனியாக உட்கார்ந்திருந்தார். அவள் அவர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, இத்தன நாளா அது சாமி இல்ல, சாமி இல்லன்னு சொன்னீங்களே. இப்ப வந்து சத்தமா சொல்லுங்க."

"சொன்னா எவன் கேக்குறான்? வயிறு எரியுதுன்னு சிரிப்பானுங்க."

"நீங்க சொன்னா கேக்கமாட்டாங்க. உங்க சாமி சொன்னா கேப்பாங்க."

வீராசாமி அவளை முறைத்தார். "கூப்பிட்ட நேரத்துக்கு வந்து நிக்கிறதுக்கு அது என்னா, வாடகைக் காரா? நான் நடிக்கமாட்டேன் தங்காச்சி. இத்தன வருஷத்துல ஒரு நாள் நடிச்சதில்ல."

"அண்ணே, செத்துருவாருண்ணே."

அதைக் கேட்டு அவர் எழுந்தார். கூட்டத்தை விலக்கி உள்ளே போய், மாலைகளுக்கு நடுவில் இருந்த முகத்தைப் பார்த்தார். சாமி வந்த முகம் அவருக்குத் தெரியும். அதில் சூடு இருக்கும், கண்ணில் கங்கு இருக்கும். இது ஈர சிமெண்டு நிறத்தில் இருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. எதிரே அடுத்த ஆள் ஜாதகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வீராசாமிக்கு அப்போது வந்தது அருளா, ஆத்திரமா என்று அவரே பிறகு சொல்ல முடியவில்லை. ஒரு கூச்சல் போட்டார். உருமி தானாக நின்றது. முனியாண்டி கையிலிருந்த மைக் அவர் கைக்கு வந்தது.

"எம்பிள்ளையத் தூக்குங்கடா! வண்டிய எடுடா! ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போடா!"

கூட்டம் குழம்பியது. ஒரே அம்மன் இரண்டு பேர் மேல் ஒரே நேரத்தில் இறங்கியது முன்பு நடந்ததில்லை. முனியாண்டி கை கூப்பினார். "தாயி, அன்னதானம் முடிஞ்சதும் கொண்டு போறோம் தாயி. இன்னும் வரிசை இருக்கு."

"இப்பவே போகணும்டா!"

"சரி தாயி. கவர்மெண்டா, பிரைவேட்டா தாயி?"

"எது கிட்ட இருக்கோ அதுக்குக் கொண்டு போடா, முட்டாப் பயலே!"

ஆத்தா முட்டாப் பயலே என்று சொன்ன பிறகு சந்தேகத்துக்கு இடமில்லை. கோயிலுக்கு ஐஸ் கட்டியும் பானமும் கொண்டு வந்திருந்த கடைக்காரர் யூனுஸின் வேன்தான் வாசலில் தடையில்லாமல் நின்றது. அவர் ஏற்கனவே ஐஸ் பெட்டிகளைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஏத்துங்க, ஏத்துங்க. மாலையக் கழட்டுங்க லா, மனுசன் மூச்சு விடவாணாமா?"

வேன் கிளம்பியது. உருமிக் குழுப் பையன்கள் விடவில்லை. நான்கு மோட்டார் சைக்கிளில் அடித்துக்கொண்டே பின்னால் வந்தார்கள். எமர்ஜென்சி வாசலில் காவலாளி கையை விரித்து நிறுத்திய பிறகுதான் ஓய்ந்தார்கள்.

ஈசிஜி எடுத்த டாக்டர் உடனே மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே அடைப்பை நீக்கி உள்ளே குழாய் வைத்தார்கள். பிழைத்தார். மாரடைப்பு அதிகாலையிலேயே தொடங்கியிருக்கலாம் என்றார்கள். ஸ்கேனில் இன்னொன்றும் தெரிந்தது: இருதயத்தின் ஓரத்தில் ஒரு பழைய தழும்பு. முன்பே ஒரு மாரடைப்பு சத்தமில்லாமல் வந்து போயிருக்கிறது. எப்போது என்று தனபாலனுக்குத் தெரியவில்லை. திலகா யோசித்துப் பார்த்தாள். போன வருடத் திருவிழாவில் அவர் சாயங்காலம்வரை எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். ஆத்தா மலையேறவே மனமில்லாமல் இருக்கிறாள் என்று ஊரே மெய்சிலிர்த்தது. அவளும் சிலிர்த்தாள்.

சில நாள் கழித்து முனியாண்டி வார்டுக்கு வந்தார். கையில் ஒரு பெட்டி லட்டு. கூடவே வீராசாமி, வெறுங்கையோடு.

"எப்படி இருக்கு சாமி?"

"பேரச் சொல்லிக் கூப்பிடுங்க தலைவரே. அது சாமி இல்ல. இனிப்பு நீர் நரம்பக் கெடுத்துருச்சு. எந்திரிச்சா பிரஷர் எறங்கும். திருவிழாவுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்."

நாற்காலியில் உட்கார்ந்த முனியாண்டி கதவைத் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "தெரிஞ்சது தெரிஞ்சதாவே இருக்கட்டும். வெளிய சொல்லவாணாம். கோலாலம்பூர்லேருந்து ரெண்டு பஸ்ஸு ஆளுங்க வர்றதாச் சொல்லியிருக்காங்க. ஒரே நேரத்துல ரெட்டைச் சாமி எறங்குன கோயிலுன்னு வீடியோ ஓடிக்கிட்டிருக்கு."

"என் சாமி நெசம்," என்றார் வீராசாமி சுவரைப் பார்த்து. "நானும் நேத்து கிளினிக்குப் போனேன். படுக்க வெச்சுப் பாத்தாங்க, நிக்க வெச்சுப் பாத்தாங்க. எறங்கல. அந்தப் பொண்ணு நார்மல்னு சொல்லிருச்சு."

யாரும் கேட்காமலே அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். கார் நிறுத்துமிடத்தில் இனி இதைத்தான் சொல்வார்.

தாதி வந்து தனபாலனை நடக்கச் சொன்னாள். அவர் முதலில் எழுந்து உட்கார்ந்தார். கால்களைத் தொங்கப் போட்டார். முழங்கால்வரை வெள்ளை ஸ்டாக்கிங்ஸ். பாதத்தை மேலும் கீழும் அசைத்தார். திலகா பக்கத்தில் நின்றாள், கை கொடுக்காமல், கண் எடுக்காமல். அவர் மெல்ல, கட்டிலின் கம்பியைப் பிடித்து, எழுந்து நின்றார்.

முனியாண்டியின் கைகள் பழக்கத்தில் பாதி கூப்பிய நிலையில் உயர்ந்திருந்தன. காத்திருந்தார்.

"வரல?" என்றார்.

"வரல," என்றார் தனபாலன்.

"ஒரே ஒரு தடவ வேகமா எந்திரிச்சுப் பாக்குறீங்களா?"

திலகா லட்டுப் பெட்டியை எடுத்து முனியாண்டியின் மடியில் வைத்தாள்.

"நீங்க மொதல்ல வேகமா எந்திரிங்க தலைவரே. கெளம்புங்க."